சோபா சண்டை ஓய்ந்த கதை

புது சோபா வாங்கியே ஆக வேண்டும் என்றாள் மனைவி. பழைய சோபாவிலோ கம்பளத்திலோ யாரும் கை வைக்கக் கூடாது என்றார் அப்பா. இரண்டு மாதம் வீட்டில் இதே பேச்சு. நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

முதலில், அவள் கேட்ட பெரிய சோபாவின் அளவுக்குத் தரையில் செய்தித்தாள்களை ஒட்டினேன். அங்கே சோபா வந்தால் பால்கனிக் கதவு பாதிதான் திறக்கும் என்று தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பழையதைக் கவிழ்த்து, அடித்துணியைப் பிரித்தேன். உள்ளே ஒரு சீப்பு, இரண்டு பேனா, யாரோ திருடிவிட்டதாக அப்பா சாதித்த மூக்குக்கண்ணாடி. மரச்சட்டத்தின் மூலைகளைப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. தொய்ந்திருந்தவை இருக்கையைத் தாங்கும் நாடாப் பட்டைகள்தான். ஃபோமும் அழுத்தினால் மீண்டும் எழவில்லை. பட்டைகளை மாற்றி, கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியுள்ள ஃபோம் போட்டோம். உறையின் நிறம் மனைவியின் தேர்வு. பாதிச் சமாதானம் அதில்தான் வந்தது என்பேன்.

கம்பளத்தில் மட்டும் அப்பா தோற்றார். ஓரத்தைத் தூக்கினால் பின்புற ரப்பர் தூளாக உதிர்ந்தது. அந்த நிலைக்கு வந்ததைத் துவைத்துப் பயனில்லை. அவரே அதைச் சுருட்டினார். ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கட்டிலருகே கால்மிதியாகப் போட்டுக்கொண்டார். தூள் இன்னும் உதிரத்தான் செய்கிறது. மனைவி பேசாமல் பெருக்கிவிடுகிறாள்.