வெங்காய வேர் நுனியில் செல் பிரிவதைப் பார்ப்பது எப்படி?

செல் பிரிதலின் கட்டங்களாகப் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று நான்கு பெயரை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, அடுத்த மாதமே மறந்தவர்கள்தான் நம்மில் அதிகம். அந்த நான்கையும் கண்ணால் பார்க்க ஒரு வெங்காயமும் சுமாரான ஒரு மைக்ரோஸ்கோப்பும் போதும். மேல்நிலை வகுப்பு ஆய்வகங்களில் காலங்காலமாக நடக்கிற சோதனைதான் இது. ஆனால் பல இடங்களில் ஆசிரியர் தயாராக வைத்த ஸ்லைடை வரிசையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்வதோடு சரி. நாமே முதலிலிருந்து செய்து பார்ப்போம். கொஞ்சம் ரசாயனம் தேவைப்படுவதால் வேர் வளர்ப்பதை வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றதைப் பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் உடனிருக்கச் செய்யுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்லைடில் எதுவும் அசையாது. நீங்கள் பார்க்கப்போவது இறந்த செல்களை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டத்தில் அப்படியே உறைந்து நிற்கும். எது முன், எது பின், எது எவ்வளவு நேரம் என்பதை நீங்கள்தான் கோத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் சுவாரசியமே அதுதான். ஜெர்மானியரான வால்டர் ஃபிளெமிங்குக்கும் இதே வேலைதான் இருந்தது. சாலமாண்டர் லார்வாக்களின் செல்களுக்குச் சாயம் ஏற்றியும், உயிருள்ள செல்களோடு ஒப்பிட்டும், வரைந்து வரைந்து வரிசைப்படுத்தி 1882-இல் அவர் வெளியிட்டதைத்தான் நாம் இன்றும் பாடமாகப் படிக்கிறோம்.

ஏன் வெங்காயம், ஏன் வேர் நுனி?

வெங்காயச் செல்லில் இருப்பவை 16 குரோமோசோம்கள். ஒவ்வொன்றும் நல்ல பெரியது. 400 மடங்கு உருப்பெருக்கத்திலேயே தனித்தனியாகத் தெரியும். மனிதச் செல்லில் இருப்பவை சிறியவை, எண்ணிக்கையும் அதிகம். அவை 46 என்பதே 1956-இல்தான் உறுதியானது. ஜியோ, லெவான் என்ற இருவர் சரியாக எண்ணிச் சொல்லும்வரை 48 என்றே புத்தகங்களில் இருந்தது. கற்றுக்கொள்ள வெங்காயமே நல்லது.

வேரில் எல்லா இடத்திலும் செல் பிரிவதில்லை. நுனியின் முனையில் இருப்பது வேர்மூடி. அதை ஒட்டி மேலே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் ஆக்குத்திசு, அதாவது பிரிந்துகொண்டே இருக்கும் செல்களின் தொகுதி. அதற்கும் மேலே போனால் செல்கள் பிரிவதை விட்டுவிட்டு நீளத் தொடங்கியிருக்கும். எங்கே பிரிவது, எங்கே நிறுத்துவது என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரியும்? தண்டுப் பக்கமிருந்து செல் செல்லாகக் கடந்து கீழே வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் நுனியருகே அதிகமாகச் சேர்கிறது. அது இருக்கும்வரை அங்குள்ள செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. புதிய செல்கள் சேரச் சேர நுனி முன்னே போய்விடும். பின்தங்கிய செல்லில் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கும். பிரிதல் நின்று, அந்தச் செல் தனக்குரிய வேலைக்குத் தயாராகும். எனவே நுனியை விட்டுவிட்டு வேரின் நடுப்பகுதியை நசுக்கினால் நாள் முழுக்கத் தேடினாலும் பிரியும் செல் ஒன்றுகூடக் கிடைக்காது.

படி 1: வேர் வளர்ப்பது

சின்ன வெங்காயமே வசதி. ஒரு சிறு பாட்டில் வாயில் சிக்கி நிற்கும். பெரிய வெங்காயம்தான் இருக்கிறது என்றால், பக்கவாட்டில் மூன்று ஈர்க்குச்சிகளைக் குத்தி டம்ளர் விளிம்பில் நிறுத்துங்கள். அடியில் காய்ந்திருக்கும் பழைய வேர்களைப் பிளேடால் மெல்லச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அடித்தட்டில் காயம் படக்கூடாது. தண்ணீர் அந்த அடித்தட்டைத் தொட்டால் போதும். வெங்காயமே மூழ்கினால் அழுகும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெள்ளை வேர்கள் கொத்தாக இறங்கியிருக்கும்.

படி 2: வெட்டி நிலைநிறுத்துவது

காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வெட்டுவது வழக்கம். அப்போது பிரியும் செல்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வெட்டியவுடன் ஆல்கஹால் மூன்று பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்த திரவத்தில் போட்டுவிட வேண்டும். கலவையை அன்றன்றே கலந்துகொள்ளுங்கள். 24 மணி நேரம் அதில் கிடக்கட்டும். செல்கள் இருந்த நிலையில் அப்படியே நின்றுவிடும். உடனே ஸ்லைடு போடவில்லை என்றால் 70 விழுக்காடு ஆல்கஹாலில் மாற்றி வைக்கலாம்.

கிளேசியல் அசிட்டிக் அமிலம் தோலைச் சுட்டுவிடும், நெடியும் கடுமை. கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். ஆல்கஹால் பாட்டிலை ஸ்பிரிட் விளக்கின் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

படி 3: மென்மையாக்கிச் சாயம் ஏற்றுவது

வேரைத் தண்ணீரில் கழுவி ஸ்லைடில் வையுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இது தளர்த்தும். பிறகு அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஸ்லைடை ஸ்பிரிட் விளக்கின் சுடருக்கு மேலே காட்டிக் காட்டி எடுங்கள். இளஞ்சூடு போதும், கொதிக்கவும் கூடாது, சாயம் காயவும் கூடாது. ஐந்திலிருந்து பத்து நிமிடம் விடுங்கள்.

இந்தச் சிவப்புச் சாயம் வருவது சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினில் என்ற பூச்சியிலிருந்து. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் இந்தப் பூச்சியை வளர்ப்பதற்கென்றே சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். அவருக்குத் தேவைப்பட்டது துணிச் சாயம். நமக்கு அது குரோமோசோமில் ஏறினால் போதும்.

படி 4: நசுக்குவது

ஸ்லைடு நன்றாக வருவதும் வீணாவதும் இங்கேதான்.

சாயம் ஏறிய வேரைப் பாருங்கள். நுனியில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் மற்ற இடத்தைவிட அடர்ந்த சிவப்பாக இருக்கும். அங்குள்ள செல்கள் சிறியவை, ஒவ்வொன்றிலும் உட்கரு பெரியது. அதனால்தான் அந்த அடர்த்தி. அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வீசிவிடுங்கள். முழு வேரையும் கவர் ஸ்லிப்புக்கு (மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) அடியில் வைத்தால், தடித்த மேல்பகுதி கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நுனி நசுங்கவே நசுங்காது.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்வாகப் பிடித்து ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக இறக்குங்கள், குமிழி வராது. மேலே ஒற்றுத்தாளை மடித்துப் போட்டு, பென்சிலின் மழுங்கிய முனையால் லேசாகத் தட்டுங்கள். சிவப்புப் புள்ளியாக இருந்தது கலைந்து மேகம் மாதிரி பரவத் தொடங்கும். அப்போது கட்டைவிரலை வைத்து நேராகக் கீழ்நோக்கி ஒரே அழுத்து. பக்கவாட்டில் இம்மி நகர்ந்தாலும் செல்கள் சுருண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஒரே அடுக்காகப் பரவிய செல்கள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

படி 5: பார்ப்பது

10 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள். நீளநீளமாகப் படுத்திருக்கும் செல்களை விட்டு, சதுரமாக நெருங்கிக் கிடக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தபின் 40 மடங்குக்கு மாற்றுங்கள்.

முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கும். பத்துக்கு ஒன்பது செல்லில் வெறும் வட்டமான உட்கரு மட்டும்தான் தெரியும். அதுதான் இன்டர்ஃபேஸ், இடைநிலை. ஓய்வுநிலை என்று பழைய நோட்ஸ்களில் எழுதியிருப்பார்கள், அது தவறு. செல் வளர்வது, டி.என்.ஏ.வை இரண்டாக்குவது, பிரியலாமா என்று சரிபார்ப்பது எல்லாம் நடப்பது இந்த நேரத்தில்தான். நம் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, உட்கரு நூல்கண்டு போலத் தெரியும் செல்களைத் தேடுங்கள். அது புரோஃபேஸ். இரட்டித்த டி.என்.ஏ. சுருங்கித் தடிக்கத் தொடங்கியிருக்கிறது.

மெட்டாஃபேஸில் 16 குரோமோசோம்களும் செல்லின் நடுக்கோட்டுக்கு வந்துவிடும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் குறுக்கே ஒரு பட்டை. முனைப்பக்கமிருந்து பார்க்கும்படி செல் விழுந்திருந்தால் வட்டமாகப் பரவித் தெரியும். அதை வேறு ஏதோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த இடத்தில் செல் காத்திருக்கிறது. ஒவ்வொரு குரோமோசோமையும் செல்லின் இரு துருவங்களிலிருந்தும் வரும் கதிர்கோல் இழைகள் (குரோமோசோமை இழுக்கும் நுண்ணிழைகள்) பிடித்தாக வேண்டும். ஒன்றே ஒன்று மாட்டாமல் நின்றாலும் இழை மாட்டும் இடமான அதன் சென்ட்ரோமியர் பகுதியிலிருந்து ‘இன்னும் இல்லை’ என்ற வேதிச் சமிக்ஞை போய்க்கொண்டே இருக்கும்; மொத்தச் செல்லும் நிற்கும்.

அந்தச் சமிக்ஞை ஓய்ந்ததும் அனாஃபேஸ். ஒட்டியிருந்த இணை குரோமாட்டிடுகள் (ஒரே குரோமோசோமின் இரு நகல்கள்) பிரிந்து, பக்கத்துக்கு 16 என்று எதிரெதிர்த் திசையில் போகும். கூர்ந்து பாருங்கள்: ஒவ்வொன்றும் ‘வி’ வடிவில் வளைந்து, வளைவு முன்னாலும் கைகள் பின்னாலுமாக இருக்கும். இழுக்கப்படுவது சென்ட்ரோமியர் என்பதற்கு இந்த வளைவே அத்தாட்சி. ஸ்லைடு முழுக்கத் தேடி நல்ல அனாஃபேஸ் ஒன்று கிடைத்தாலே சந்தோஷப்படலாம்.

டீலோஃபேஸில் இரு முனையிலும் சிவப்புத் திரள். நடுவே மெல்லிய கோடு. அந்தக் கோடுதான் செல் தட்டு. விலங்குச் செல் இடுப்பில் இறுகி இரண்டாகும். தாவரச் செல்லுக்குக் கெட்டியான சுவர் இருப்பதால் அப்படி முடியாது, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் புதுச்சுவர் கட்டுகிறது. கட்டும்போது முழுக்க அடைப்பதும் இல்லை. நுண்ணிய துளைகளை விட்டு வைக்கிறது. பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற இந்தத் துளைகள் வழியாகச் சர்க்கரையும் சமிக்ஞை மூலக்கூறுகளும் பக்கத்துச் செல்லுக்குப் போய்வருகின்றன. பிரிந்து முடிந்த இரு செல்களும் பிறந்த நிமிடத்திலிருந்தே தொடர்பில்தான் இருக்கின்றன. துளைகள் இந்த மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

ரெக்கார்டு நோட்டில் வரையும்போது பார்த்ததை வரையுங்கள். படத்தைப் பார்த்து இரு மூலையிலும் சென்ட்ரியோல் (கதிர்கோல் முனையில் இருக்கும் சிறு உறுப்பு) போட்டுவிடுவது நிறையப் பேர் செய்வது. அது விலங்குச் செல்லின் படம். வெங்காயத்துக்குச் சென்ட்ரியோல் கிடையாது.

படி 6: எண்ணுவது

கண்ணில் படும் இடத்தில் வரிசையாக 200 செல்களை எண்ணுங்கள். பிடித்ததை மட்டும் பொறுக்காதீர்கள். கணக்கு புரிவதற்காக ஒரு உதாரணம்: 180 இடைநிலை, 12 புரோஃபேஸ், 3 மெட்டாஃபேஸ், 2 அனாஃபேஸ், 3 டீலோஃபேஸ். பிரியும் செல்கள் 20. பிரிதல் குறியீடு, அதாவது மொத்தச் செல்களில் பிரியும் செல்களின் பங்கு, 10 விழுக்காடு. ஒரு செல் சுழற்சி முழுதாக 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், பிரிதலுக்கு மட்டும் 2 மணி நேரம் ஆகிறது. அதில் புரோஃபேஸ் 72 நிமிடம், அனாஃபேஸ் வெறும் 12 நிமிடம். எந்தக் கட்டம் நீளமோ, அந்தக் கட்டத்தில் உறைந்த செல்தான் அதிகம் அகப்படும். அசையாத ஸ்லைடில் கடிகாரம் கிடைப்பது இப்படித்தான்.

இது தோராயக் கணக்குதான். செல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தன்பாட்டுக்குப் பிரிகின்றன என்று நம்பித்தான் இந்த வகுத்தலைச் செய்கிறோம். பிரியும் செல் நிறையக் கிடைக்கும் நேரமாகப் பார்த்து வேரை வெட்டினோம் என்றால், விடை கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். ஆர்வமுள்ளவர்கள் மாலையில் வெட்டிய வேரையும் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள்.

நின்றுபோன பிரிதல்

கதிர்கோல் இழைகள் உருவாகவே விடாமல் தடுத்தால் என்ன ஆகும்? கோல்ச்சிசின் அதைத்தான் செய்கிறது. இது நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் நஞ்சு. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் செங்காந்தளைப் பயிரிடுவதே இதற்காகத்தான். கோல்ச்சிசின் பட்ட வேரில் குரோமோசோம்கள் தடித்துச் சுருங்கி, இழுக்க ஆளில்லாமல் சிதறி நிற்கும். சில செல்கள் பிரியாமலேயே சுழற்சியைத் தொடர்ந்து, இரு மடங்கு குரோமோசோம்களோடு நிற்கும். 1930-களில் தாவர வளர்ப்பாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள், இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியாச் செடிகளுக்கு இதைப் பயன்படுத்தினார். பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை 1945-இல் ஆங்கிலேயச் செல்லியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து தொகுத்து வெளியிட்டவரும் அவர்தான். செங்காந்தள் கிழங்கைக் கொண்டு வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து.

சரியாக வரவில்லையா?

எல்லாம் வெளிறித் தெரிந்தால் சாயம் ஏறவில்லை. சூடு காட்டியது போதவில்லை அல்லது அமிலம் அதிகமாகிவிட்டது. செல்கள் கட்டியாக நின்றால் அமிலம் போதவில்லை. செல் அழகாகப் பரவியும் பிரிதல் ஒன்றும் இல்லை என்றால், வேர் வளர்வதை நிறுத்தியிருக்கும் அல்லது வெட்டும்போதே நுனி போயிருக்கும்; மொக்கையாக, பழுப்பேறிய நுனிகளை எடுக்காதீர்கள். ஒரே வெங்காயத்தில் பத்துப் பன்னிரண்டு வேர் இருக்கும், அடுத்ததை எடுங்கள்.

நல்ல ஸ்லைடு கிடைத்துவிட்டால் கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரத்திலும் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவிவிடுங்கள். ஓரிரு நாள் காயாமல் தாங்கும். அதற்குள் மொபைல் கேமராவைக் கண்ணருகு லென்ஸில் பொருத்திப் படம் எடுத்துக்கொண்டால், எண்ணும் வேலையை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் செய்யலாம்.