கிரானைட் போடும் முன் படியை அளந்துவிடுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் கட்டிய வீட்டில் கீழும் மேலும் தரைக்கு டைல்ஸ் போட்டு முடித்திருந்தார்கள். படிக்கு கிரானைட் வர இன்னும் ஒரு வாரம். அன்று மாடி ஏறிப் பார்த்த அம்மா, கடைசிப் படியில் கால் தட்டி விழுந்துவிட்டார். டேப்பை எடுத்து அளந்தேன். நடுப்படிகள் எல்லாம் 7 அங்குலம். முதல் படி 4 அங்குலம், கடைசிப் படி 10 அங்குலம். "கிரானைட் போட்டா எல்லாம் சரியாயிடும் சார்" என்றார் மேஸ்திரி. இந்த வார்த்தையை நம்புவதுதான் முதல் தவறு.

கணக்கு இதுதான். காங்கிரீட் ஊற்றச் சென்ட்ரிங் பலகை அடிக்கும்போது 18 ஏற்றத்தையும் (ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உள்ள உயரம்) 7 அங்குலமாகவே பிரித்துவிட்டார்கள். தரைக்குக் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 3 அங்குலம் ஏறும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. தரை ஏறியதும் கீழே முதல் படி 3 அங்குலம் குறைந்தது, மேலே கடைசிப் படி 3 அங்குலம் கூடியது. வழக்கமான ஒன்றரை அங்குலத்தில் கிரானைட் பதித்தாலும் முதல் படி ஐந்தரை, கடைசிப் படி எட்டரை என்றுதான் நிற்கும். வீட்டுப் படியின் உயரம் 190 மி.மீ., அதாவது ஏழரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதி. அதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. இரண்டு மூன்று படி ஏறியதுமே கால் ஒரு அளவைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கண் படியைப் பார்ப்பதில்லை. அரை அங்குலம் மாறினாலும் தட்டும்.

அடுத்த தவறு, உயரமான அந்த ஒரு படியை மட்டும் சரிசெய்யப் போவது. கடைசிப் படிக்கு முந்தையதை உயர்த்தினால் கோளாறு ஒரு படி கீழே இறங்கும், அவ்வளவுதான். கீழ்த் தரை டைல்ஸிலிருந்து மேல்தரை டைல்ஸ் வரை மொத்த உயரத்தை எடுங்கள். எங்களுக்கு 126 அங்குலம். 18-ஆல் வகுத்தால் சரியாக 7. அந்த அளவை ரசமட்டம் வைத்துச் சுவரில் கோடாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். பதினெட்டாவது ஏற்றம் மேல்தரையிலேயே முடிவதால் எங்கள் வீட்டில் மிதிக்கும் படிகள் 17. அவை எல்லாவற்றையும், கிரானைட்டோடு சேர்த்து, 3 அங்குலம் உயர்த்த வேண்டும் என்று தெரிந்தது. அதாவது வழக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் கூடுதல்.

இந்த ஒன்றரை அங்குலத்துக்கும் எடை உண்டு. மூன்றடி அகலப் படிக்குச் சுமார் இருபது கிலோ. எல்லாம் சேர்ந்தால் சுமார் 340 கிலோ. பொறியாளரைக் கேட்காமல் இதை ஏற்றாதீர்கள். அவர் சரி என்றாலும், வெறும் சிமெண்ட் கலவையை அந்தக் கனத்துக்கு அப்பினால் வெடித்துப் பெயர்ந்துவிடும். பழைய பரப்பைக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, ஈரம் இருக்கும்போதே சிமெண்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் சின்ன ஜல்லி சேர்த்த காங்கிரீட்டைப் போட வேண்டும்.

உயர்த்துவதற்குப் பதில் உடைப்பது என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் சாய்வு ஸ்லாப் மேல் செங்கல் வைத்துத்தான் படி கட்டியிருப்பார்கள். அப்படியானால் செங்கல்லை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டலாம். உளி சாய்வு ஸ்லாபைத் தொடக் கூடாது. படிக்கட்டின் மொத்த பாரத்தையும் தாங்குவது அதுதான்.

ஸ்லாபின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜல்லி தெரியும் ஓட்டைகள் (தேன்கூடு என்பார்கள்), வெளியே தெரியும் கம்பி இருந்தால் மேலே பூசி மறைக்க விடாதீர்கள். கடற்காற்றின் உப்பு அந்த ஓட்டை வழியாகக் கம்பிக்குப் போகும். துருப்பிடித்த கம்பி உப்பிக் காங்கிரீட்டையே தள்ளிவிடும். தேவனாம்பட்டினம் பக்கம் பழைய வீடுகளில் இப்படிக் காரை உதிர்ந்து கம்பி தெரிவதைப் பார்க்கலாம். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியை வயர் பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, காய்ந்தாலும் சுருங்காத கிரௌட் கலவையால் அடைக்க வேண்டும். அடியில் குறுக்கே விரிசல் ஓடினாலோ, லேண்டிங் சேரும் இடத்தில் விரிந்திருந்தாலோ மேஸ்திரியோடு நிறுத்தாதீர்கள், பொறியாளர் வந்து பார்க்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கலவைக்கு வேண்டாம். கம்பி உள்ள காங்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமைத் தாண்டக் கூடாது. புதிதாகப் போட்ட இடத்தில் ஈரச் சாக்கைப் போர்த்தி, பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் 10 நாளாவது நனைத்துக்கொண்டே இருங்கள்.

கிரானைட்டில் பளபளப்புக்கு ஆசைப்படாதீர்கள், குறைந்தபட்சம் விளிம்பிலாவது கோடு வெட்டச் சொல்லுங்கள். வெளிப்படி என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட, ஒவ்வொரு படியும் முன்பக்கம் கொஞ்சம் வாட்டமாக இருக்கட்டும்.