ஏலத்தில் வென்றவர் சொன்னபடி காசு தராவிட்டால்: விற்பவர்கள் விடும் பிழைகள்

"தம்பி, காசு வெள்ளிக்கிழமை போடுறன், சாமானை எனக்கு எடுத்து வையுங்க." செவ்வாய்க்கிழமைக்குள் காசு வர வேண்டும் என்று பதிவிலேயே எழுதியிருந்தும் இப்படி ஒரு செய்தி வரும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்துகொண்டு பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் ஏலம் போடுகிற எவருக்கும் இது புதிதல்ல. மருதமுனைக் கைத்தறிச் சாரியோ, பழைய நாணயமோ முத்திரையோ, தொட்டி மீனோ, எதை விற்றாலும் கதை ஒன்றுதான். வாங்குபவரைத் திட்டக் கூடாது என்று சொல்ல வரவில்லை, சிலரைத் திட்டத்தான் வேண்டும். ஆனால் நிபந்தனை பெரும்பாலும் விற்கிறவர் கையிலேயே உடைகிறது. எழுதுகிறோம், முதல் ஆள் கேட்டதும் விட்டுக்கொடுக்கிறோம், அதைப் பார்த்த அடுத்த ஆளும் அதையே கேட்கிறார்.

முதல் பிழை, நிபந்தனையை எங்கேயோ ஒரு மூலையில் எழுதி வைப்பது. பேஜின் அறிமுகப் பகுதியில் போட்டாச்சு, குழுவில் போன வருடம் பின் பண்ணியாச்சு என்றெல்லாம் சொல்வார்கள். ஏலம் கேட்கிறவர் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. அவர் படத்தைப் பார்க்கிறார், கடைசி விலையைப் பார்க்கிறார், நூறு ரூபா கூட்டிப் போடுகிறார். ஆகவே ஒவ்வொரு ஏலப் பதிவிலும், விலைக்குக் கீழேயே, நாலைந்து வரி இருக்க வேண்டும். இப்படி:

"ஏலம் ஞாயிறு இரவு 9.00 மணிக்கு முடியும், இலங்கை நேரம். அதற்குப் பின் வரும் கொமண்ட் சேராது. கூரியர் செலவு வாங்குபவருடையது. முழுத் தொகையும் செவ்வாய் இரவு 9.00 மணிக்குள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். சீஓடி (சாமான் கைக்கு வந்ததும் காசு கொடுப்பது) இல்லை. காசு வராவிட்டால் விற்பனை ரத்து, அடுத்த விலை கேட்டவருக்குப் போகும்."

இதில் "உடனடியாக", "கூடிய விரைவில்" போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். விரைவில் என்றால் உங்களுக்கு இன்று பின்னேரம், அவருக்குச் சம்பள நாள். "48 மணித்தியாலம்" என்று எழுதுவதை விடக் கிழமையும் மணியும் போடுவது நல்லது, எப்போதிருந்து எண்ணுவது என்ற சண்டை வராது. இலங்கை நேரம் என்று போடுவதற்கும் காரணம் உண்டு. நம்முடைய குழுக்களில் பாதிப் பேர் வெளியில்தான் இருக்கிறார்கள். இங்கே இரவு 9 மணி என்றால் கோடைகாலத்தில் லண்டனில் பின்னேரம் 4.30, டொரொன்டோவில் காலை 11.30. வேலையில் இருந்த ஒருவர் "ஏலம் முடிஞ்சது எனக்குத் தெரியாதே" என்று கேட்க இடம் வைக்கக் கூடாது.

அதேநேரம் யாராலும் நிறைவேற்ற முடியாத கெடுவைப் போட்டுவிட்டு, மீறிவிட்டார்கள் என்று கத்துவதும் சரியில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குள் காசு என்று சிலர் எழுதுகிறார்கள். போனில் வங்கிச் செயலி இல்லாத ஒருவர் படுவான்கரைப் பக்கம் உள்ளுக்கு இருந்தால், காசு போடுவதென்பது அவருக்கு ஒரு பயணம். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ இருப்பவருக்கு வெள்ளி நண்பகல் கெடு வைத்தால் அது ஜும்ஆ நேரம். போயா தினத்தில் வங்கி திறக்காது. இதையெல்லாம் பார்த்துத்தான் ஞாயிறு இரவு முடித்து, இரண்டு வேலை நாள் விடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. ஏலம் தொடங்கிய பிறகு நிபந்தனையை மாற்றவே மாற்றாதீர்கள். பேஸ்புக் பதிவைத் திருத்தினால் திருத்திய வரலாறு எல்லோருக்கும் தெரியும், அப்புறம் பிழை உங்கள் பக்கம் வந்துவிடும்.

இரண்டாவது பிழைதான் அதிகமாகக் கையைச் சுடுவது. ஸ்கிரீன்ஷொட்டைக் காசு என்று நினைப்பது.

"காசு போட்டாச்சு தம்பி, சிலிப் அனுப்பியிருக்கன் பாருங்க" என்று ஒரு படம் வரும். படத்தில் தொகை சரி, உங்கள் கணக்கு இலக்கமும் சரி. கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். அனுப்பலாமா? உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள், அங்கே வந்திருந்தால் மட்டும் அனுப்புங்கள். ஒரு படத்தில் எண்ணை மாற்ற இப்போது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். படம் உண்மையாகவே இருந்தாலும்கூட அது நாளைக்கோ அடுத்த கிழமைக்கோ திகதி குறித்து வைத்த பரிமாற்றமாக இருக்கலாம், அதை அவர் பிறகு ரத்துச் செய்யலாம். சீஈஎப்டிஎஸ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்ற முறை வழியாக அனுப்பினால் வேறு வங்கியானாலும் சில நொடிகளில் வந்துவிடும், இரவென்றும் ஞாயிறென்றும் இல்லை. "சிலிப்ஸ்" என்ற மற்ற முறையில் போனால் வங்கி வேலை நாளில், தொகுதியாகத்தான் போகும், ஆகவே அவர் உண்மையாகவே அனுப்பியும் உங்களுக்கு வர நேரம் எடுக்கலாம். இரண்டிலும் உங்கள் பதில் ஒன்றுதான்: "அண்ணன், சிலிப் கிடைத்தது, காசு கணக்குக்கு வந்ததும் அனுப்பிவிட்டு ட்ரக்கிங் இலக்கம் தருகிறேன்." இதில் அவரைக் கள்ளன் என்று சொல்லவில்லை, சாமானையும் விடவில்லை. காசோலை போட்டேன் என்கிறவரிடம் இன்னும் கவனம் வேண்டும். வைப்பிட்ட தொகை கணக்கில் தெரிந்தாலும், அது மாறி எடுக்கக்கூடிய மீதியில் சேரும்வரை காசல்ல.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், யாருடைய பெயரிலிருந்து காசு வந்தது என்று பார்க்காமல் விடுவது. ஏலத்தில் வென்றவர் சுவிஸில் இருப்பார், "செங்கலடியில என்ர அண்ணன் இருக்கிறார், அவர் போடுவார்" என்பார். நம் ஊரில் இது முற்றிலும் சாதாரணம், குற்றமில்லை. ஆனால் யார் போடப்போகிறார், எந்தப் பெயரில் வரும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரணம், ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது: உங்களிடம் சாமான் வாங்குகிற ஆள், வேறு எங்கோ இல்லாத பொருளை விற்பதாகச் சொல்லி ஒரு அப்பாவியை உங்கள் கணக்குக்குக் காசு போடவைப்பார். காசு வந்தது உண்மை, சாமானும் போய்விட்டது. அப்புறம் அந்த அப்பாவி பொலிஸுக்குப் போகும்போது முறைப்பாட்டில் இருப்பது உங்கள் கணக்கு இலக்கம். பெயர் பொருந்தாவிட்டால் சாமானை நிறுத்தி விளக்கம் கேளுங்கள். கூடுதலாகப் போட்டுவிட்டு "மீதியை இந்த நம்பருக்கு ஈசி கேஷ் பண்ணுங்க" என்று கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வங்கியைக் கேளுங்கள்.

குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. மொத்தம் 6,650 என்றால் 6,000 போட்டுவிட்டு "மீதி சாமான் வந்ததும்" என்பார்கள், அல்லது கூரியர் காசைத் தாமாகவே கழித்துவிடுவார்கள். மீதி வரும்வரை சாமான் அசையக் கூடாது. நானூறு ஐந்நூறுக்கு ஏன் மல்லுக்கட்ட என்று விடுவது உங்கள் இஷ்டம், ஆனால் அவர் அடுத்த முறையும் கழித்துத்தான் போடுவார்.

சீஓடி விஷயத்தில் மனம் இளகுவது அடுத்தது. கடையாக விற்கும்போது சீஓடி நல்ல முறைதான், ஏலத்துக்கு அது பொருந்தாது. ஏலத்தில் வெற்றி பெற்றவர் ஆறு நாள் கழித்துக் கூரியர்காரரின் அழைப்பை எடுக்காவிட்டால், பொதி திரும்பி வரும், அனுப்பிய செலவும் போய்ச் சிலவேளை திரும்பும் செலவும் உங்கள் தலையில், இதற்கிடையில் அடுத்த விலை கேட்டவர் வேறெங்கோ வாங்கியிருப்பார். வங்கிப் பரிமாற்றம் என்று எழுதியதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் விலை கேட்டார்கள், சிலர் அதனாலேயே கேட்காமல் விட்டார்கள். வென்ற ஒருவருக்கு மட்டும் சீஓடி கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். கடற்கரையில் மீன் ஏலம் போகும்போது கேட்டவனின் முகம் எல்லோருக்கும் தெரியும், நாளைக்கும் அவன் அங்கேதான் வருவான், அதனால் அங்கே கடன் செல்லும். பூட்டிய புரொபைல், ரோஜாப்பூப் படம், வேறு பெயர் என்று வருகிற ஆளுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க என்ன இருக்கிறது?

சரி, கெடு முடியப் போகிறது, காசைக் காணோம். இங்கே இரண்டு விதமாகப் பிழை விடுகிறார்கள். ஒரு கூட்டம் வாயே திறக்காமல் இருந்துவிட்டுக் கெடு முடிந்த நிமிடமே பிளொக் பண்ணும். மற்றக் கூட்டம் "பரவாயில்லை அக்கா, வசதிப்படும்போது போடுங்க" என்று எழுதும், எழுதிய அந்த நொடியிலேயே கெடு செத்துவிட்டது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஏலம் முடிந்ததும் ஒரு செய்தி: "அக்கா, நீலக்கரைச் சாரி உங்களுக்கு. விலை 6,200, கூரியர் 450, மொத்தம் 6,650. செவ்வாய் இரவு 9 மணி வரை வைத்திருப்பேன்." செவ்வாய் காலையில் ஒரு நினைவூட்டல்: "இன்று இரவு 9 மணிக்குள் வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன்." அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, சாவீடு போன்ற காரணம் சொன்னால் ஒரு முறை நீட்டலாம், புதிய கிழமையும் மணியும் போட்டு நீட்டுங்கள். இரண்டாவது முறை கேட்டால் அனுதாபத்தோடு ரத்துச் செய்யுங்கள்.

இந்த நினைவூட்டலை எழுத்தில் அனுப்புவது வெறும் மரியாதைக்காக மட்டுமல்ல. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நாட்டில் இருக்கிறது. காசு கிடைக்காத விற்பனையாளர் பொருளைத் தன் கையில் வைத்திருக்கலாம், மீள விற்கப்போவதாக அறிவித்து நியாயமான காலத்துக்குள் காசு வராவிட்டால் வேறொருவருக்கு விற்கலாம் என்பது அதன் போக்கு. கொமண்டிலும் வட்ஸ்அப்பிலும் பேசியது உடன்படிக்கையாகுமா என்றால், மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதற்குத்தான். ஆறாயிரம் ரூபாச் சாரிக்கு யாரும் நீதிமன்றம் ஏறப்போவதில்லை. ஆனால் சாமானும் போய்க் காசும் வராமல் நின்றால், பிரதேச மத்தியஸ்த சபைக்கு எடுத்துப் போக அந்தச் செய்திகளும் கூரியர் ரசீதும் வேண்டும், ஆகவே கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

இரண்டாவது விலை கேட்டவரைக் கையாள்வதிலும் பிழை நடக்கிறது. முதல் ஆளை எழுத்தில் ரத்துச் செய்யாமலே அடுத்தவரிடம் "உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிடுவார்கள், அரை மணித்தியாலத்தில் முதல் ஆளின் காசு வந்து விழும், ஒரு சாரிக்கு இரண்டு சொந்தக்காரர். முதலில் ரத்து, பிறகு அழைப்பு. விலையும் அவர் கடைசியாகக் கேட்ட விலையாகவே இருக்க வேண்டும், ஓடிப்போனவர் கேட்ட விலையை இவர் தலையில் கட்டக் கூடாது. அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தவும் முடியாது. ஓடிப்போனவரே உங்கள் ஆள், விலை ஏற்ற வந்தவர் என்று அவர் நினைக்கவும் இடம் உண்டு. உண்மையைச் சொன்னால், சில குழுக்களில் அது நடக்கத்தான் செய்கிறது.

காசு தராதவரின் படத்தையும் அடையாள அட்டையையும் போன் இலக்கத்தையும் குழுவில் போட்டு "இவனிடம் கவனம்" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். ஆரையம்பதியில் ஒருவரை நாறடித்தால் அவருடைய மச்சான் களுவாஞ்சிகுடியில் உங்கள் வாடிக்கையாளராக இருப்பார், அதை விட, ஏலத்தில் காசு தராமல் விட்ட ஆள் இப்போது உங்களுக்கு எதிராக முறைப்பாடு கொடுக்கக்கூடிய ஆளாகிவிடுவார். குழு நடத்துகிறவருக்குத் தனியாகச் சொல்லி நீக்கச் சொன்னாலே போதும்.

ஈபேயில் விற்கிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே "என்னுடைய நிபந்தனை" என்று பெரிதாக ஒன்றுமில்லை, காசு ஈபே ஊடாகத்தான் வரும், வெளியே வங்கிக்கு அனுப்பச் சொன்னால் விதியை மீறியது நீங்கள்தான். ஏலம் முடிந்து நான்கு நாட்கள் வாங்குபவருக்கு உண்டு, அதற்குள் காசு வராவிட்டால் ஐந்தாம் நாளிலிருந்து ரத்துச் செய்யலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: காரணம் கேட்கும்போது "பொருள் கையிருப்பில் இல்லை" என்பதை அழுத்திவிட்டால் குறை உங்கள் பெயரில் பதியும், "வாங்குபவர் காசு செலுத்தவில்லை" என்பதை அழுத்தினால்தான் அவர் பெயரில் பதியும். 2008இலிருந்து விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறைக் கருத்து இட முடியாது, ஆகவே நல்லது என்று தெரிவுசெய்துவிட்டு உள்ளே திட்டி எழுதுவது வீண். பதிலாக, காசு செலுத்தாத பதிவுகள் உள்ளவர்கள் உங்கள் ஏலத்தில் கேட்க முடியாதபடி அமைப்பில் தடுத்துவிடலாம். இன்னொன்று, மூன்றாம் நாளும் காசு தராத எல்லோரும் ஓடிப்போகிறவர்கள் அல்ல. 1944 இரண்டு சத நாணயத்தை வாங்கிய சேகரிப்பாளர் உங்களுடைய மற்ற ஏலங்கள் முடியும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் ஒரே பொதியாக அனுப்பச் சொல்ல நினைத்திருக்கலாம். ஒரு செய்தி போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

கடைசியாக, ஒருமுறை காசு தராமல் விட்டவர் இரண்டு மாதம் கழித்து "காக்கா, மன்னிச்சுக்கங்க, அப்ப சல்லி கொஞ்சம் இறுக்கம்" என்று திரும்பி வருவார். வரட்டும். அடுத்த ஏலத்தில் அவர் கேட்கும் விலை சேர வேண்டுமென்றால் முதலில் ஆயிரம் ரூபா முற்பணம், தோற்றால் அன்றிரவே திருப்பித் தருவேன், வென்று காசு தராவிட்டால் திருப்பித் தரமாட்டேன் என்று எழுதி, "ஓம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.