சுற்றுவட்டார விளைநிலங்களைப் பெரும்பணக்காரர்கள் வாங்கும்போது: சிறு நில உரிமையாளரும் குத்தகைதாரரும் செய்ய வேண்டியவை

பக்கத்து நிலம் கைமாறியது என்ற செய்தி முதலில் சாதாரணமாகவே காதில் விழும். பிறகு அதற்கடுத்த நிலம், வாய்க்காலுக்கு அப்பால் உள்ள நிலம் என்று ஓராண்டுக்குள் நான்கைந்து கிரயங்கள் நடந்து, வாங்கியவர் பெயர் எல்லாவற்றிலும் யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயராக இருந்தால், ஒரு முழு வட்டாரத்தையே குறித்துவைத்துக்கொண்டு யாரோ வாங்குகிறார் என்று கொள்ளலாம். அவர் முன்னால் ஒரு வரைபடம் இருக்கிறது. உங்கள் நிலம் அதில் ஒரு கட்டம். தன் நிலத்தை மட்டும் பார்த்து விலை பேசுபவர் எப்போதும் பாதி விவரத்தோடுதான் பேசுகிறார். ஆகவே முதல் வேலை அந்த வரைபடத்தை நீங்களும் வரைவதுதான்.

நில அளவை வரைபடத்தின் நகலை வாங்கி, கடந்த ஐந்து ஆண்டுகளில் கைமாறிய ஒவ்வொரு நிலத்தையும் அதில் வண்ணமிட்டு, பத்திரம் பதிவான தேதி, பரப்பளவு, பதிவான விலை, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை ஓரத்தில் குறியுங்கள். வண்ணமிட்ட பகுதிகள் சாலையை ஒட்டி நீள்கின்றனவா, ஆற்றையோ நிலத்தடி நீர் வளமுள்ள பகுதியையோ சுற்றி அமைகின்றனவா, மின் துணைநிலையத்தை நோக்கிப் போகின்றனவா என்று கவனித்தால் நோக்கம் ஓரளவு புலப்படும். உங்கள் நிலம் அந்தப் பரப்பின் நடுவில் இருந்தால், அல்லது பாதையோ வாய்க்கால் தலைப்போ உங்கள் வசம் இருந்தால், அது வாங்குபவருக்கு மற்ற நிலங்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. விளிம்பில் இருந்தால் அவசரமில்லை என்று அவர் காத்திருக்கக்கூடும்.

இது எவ்வளவு அமைதியாக நடக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சொலானோ மாவட்டம் சான்று. ஃபிளானரி அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் 2018 முதல் அங்கே மேய்ச்சல் நிலங்களையும் மானாவாரி நிலங்களையும் 80 கோடி டாலருக்கு மேல் கொடுத்து 50,000 ஏக்கருக்கு மேல் வாங்கியது. ஒரு விமானப்படைத் தளம் அருகிலிருந்ததால் அரசே விசாரித்தும், வாங்குபவர்கள் யார் என்பது பல ஆண்டுகள் தெரியவில்லை. 2023 ஆகஸ்டில்தான் தொழில்நுட்பத் துறையின் பெருஞ்செல்வர்கள் பின்னால் இருப்பதும், புதிய நகரம் ஒன்றை அமைப்பதே நோக்கம் என்பதும் வெளியாயிற்று. முதலில் விற்றவர்கள் புல்வெளியை விற்றதாக நினைத்தார்கள். வாங்கியவர்களோ நகரத்துக்கான மனையை வாங்கினார்கள்.

வாங்குபவர் யார் என்று கண்டறிதல்

நிறுவனங்களின் பதிவேட்டைப் பார்க்க முடிந்தால் இயக்குநர்களின் பெயர், பதிவு முகவரி, தொடங்கிய தேதி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு பெயர் கொண்ட மூன்று நிறுவனங்களுக்கு ஒரே முகவரியும், எல்லாப் பத்திரங்களையும் தயாரித்த ஒரே வழக்கறிஞரும் இருந்தால், மூன்றும் ஒரே பணம் என்று கருதி வரைபடத்தில் ஒரே வண்ணம் கொடுங்கள். பில் கேட்ஸ் அமெரிக்காவின் 18 மாநிலங்களில் ஏறத்தாழ 2,42,000 ஏக்கர் விளைநிலம் வைத்திருந்தது 2021இல் ஒரு நிலச்சந்தை இதழின் ஆய்வு வெளிவந்த பிறகே பரவலாகத் தெரியவந்தது. அந்த நிலங்கள் பல்வேறு நிறுவனங்களின் பெயரில் இருந்ததே காரணம்.

இதைவிட நுட்பமான வழி ஒன்று உண்டு. நிலத்தை வாங்காமல், நிலத்தை வைத்திருக்கும் பண்ணை நிறுவனத்தின் பங்குகளை வாங்கிவிட்டால் நிலப் பதிவேட்டில் ஓர் எழுத்துகூட மாறாது. பிரான்சில் விளைநிலம் விற்கப்படும் முன் சாஃபர் என்னும் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். முதலில் வாங்கும் உரிமை அதற்கு உண்டு. ஆனால் ஆந்த்ர் மாவட்டத்தில் ஒரு சீனத் தொழில் குழுமம், பண்ணை நிறுவனங்களின் பங்குகளில் ஒரு சிறு பங்கை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வாங்கி, சுமார் 1,700 ஹெக்டேரைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தபோது சாஃபரால் தடுக்க இயலவில்லை. பங்குப் பரிமாற்றத்தையும் கண்காணிக்கும் சட்டம் 2021 டிசம்பரில்தான் வந்தது. ஆகவே உங்கள் பகுதியில் நிலம் வைத்திருக்கும் நிறுவனங்களில் இயக்குநர்கள் திடீரென மாறினால், அதையும் ஒரு கிரயமாகவே எண்ணி வரைபடத்தில் சேருங்கள்.

எதற்காக வாங்குகிறார்

பணவீக்கத்திலிருந்து செல்வத்தைக் காக்க வாங்குபவர் பெரும்பாலும் நிலத்தைக் குத்தகைக்கே விடுவார். அவரோடு நீண்ட காலம் இணங்கி வாழ முடியும். வரிச்சலுகைக்காக வாங்குபவரும் ஏறக்குறைய அப்படித்தான். நகரம், சூரிய மின் பூங்கா, சுரங்கம் ஆகியவற்றுக்காக வாங்குபவருக்கு மண்ணின் வளம் ஒரு பொருட்டே இல்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது தண்ணீருக்காக வாங்கப்படும் நிலம். சவுதி அரேபியாவின் பால் நிறுவனமான அல்மராயின் துணை நிறுவனம் 2014இல் அரிசோனா பாலைநிலத்தில் சுமார் 10,000 ஏக்கரை 4.75 கோடி டாலருக்கு வாங்கிக் குதிரைமசால் பயிரிட்டது. அந்தத் தீவனம் சவுதி மாடுகளுக்குக் கப்பலில் சென்றது. அந்தப் பகுதியில் நிலத்தடி நீரை இறைக்க வரம்பு ஏதும் இருக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் நிலத்தை விற்காதவரும் இழக்கிறார், ஏனெனில் ஆழ்குழாய்க் கிணறு வேலிக்கு அப்பால் இருந்தாலும் நீர் ஒன்றே. எனவே பெரிய கிணறுகள் தோண்டப்படும் முன்பே உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் தேதியோடும் புகைப்படத்தோடும் பதிவுசெய்யத் தொடங்குங்கள். பின்னர் இழப்பீடு கேட்கவோ வழக்குத் தொடுக்கவோ நேர்ந்தால், தொடக்க நிலையைக் காட்டும் அந்தக் குறிப்பேட்டுக்கு ஈடாக எதுவும் கிடைக்காது.

தரகர் வீட்டுக்கு வரும்போது

அன்றே எதிலும் கையெழுத்திடக் கூடாது. முன்பணமும் வாங்கக் கூடாது. தரகர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, விலை, பரப்பு, பணம் தரும் காலம், வாங்குபவரின் முழுப்பெயர் ஆகியவற்றை எழுத்தில் தரும்படி மட்டும் கேளுங்கள். "இந்த விலை இந்த வாரம் மட்டுமே" என்பவருக்கு உங்கள் நிலம் அவசரமாகத் தேவை என்று பொருள். அந்த அவசரத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

சிறு தொகை கொடுத்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் முன்பே பேசிய விலையில் வாங்கும் உரிமையை மட்டும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் மிகவும் ஆபத்தானது. வாங்கும் கட்டாயம் அவருக்கு இல்லை, விற்கும் கட்டாயம் உங்களுக்கு உண்டு. இடையில் நிலத்தின் மதிப்பு எவ்வளவு உயர்ந்தாலும் அது அவருக்கே சேரும். விலையை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற பிரிவையும் இயன்றவரை நீக்கச் சொல்லுங்கள். ஊரார் ஒருவரையொருவர் கேட்டறிய முடியாதபடி செய்வதே அதன் வேலை.

அதே வேளையில், பலர் கூடி "இந்த விலைக்குக் கீழ் யாரும் விற்பதில்லை" என்று உறுதிசெய்துகொள்வதில் சட்டச் சிக்கல் வரக்கூடும். சொலானோவில் நில உரிமையாளர்கள் கூட்டுச்சேர்ந்து விலையை ஏற்றியதாக ஃபிளானரி 2023 மே மாதத்தில் 51 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. ஒரு பெரும் நிறுவனம் விவசாயக் குடும்பங்கள்மீது இப்படி வழக்குப் போட்டது நெஞ்சைச் சுடும் செய்தி. ஆயினும் நாம் எச்சரிக்கையாக இருக்க அதுவே காரணம்: ஏற்கெனவே பதிவான கிரயங்களைப் பற்றிப் பேசுங்கள், இனிமேல் கேட்கப்போகும் விலையைப் பற்றி ஒப்பந்தம் போடும் முன், வாங்குபவரோடு தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

விற்பதென்று முடிவுசெய்தால், நிற்கும் பயிரை அறுவடை செய்யும் உரிமை, குடியிருக்கும் வீடு, மற்றவர்கள் நடக்கும் பாதை, அடிநிலக் கனிமம், தண்ணீர் ஆகிய ஒவ்வொன்றும் பத்திரத்தில் தனியாக எழுதப்பட வேண்டும். விற்றபின் அதே நிலத்தைக் குத்தகைக்குத் தருவதாகச் சொன்னால், எத்தனை ஆண்டுகள், வெளியேறச் சொல்ல எவ்வளவு கால அறிவிப்பு என்பவை கிரயம் நடக்கும் அன்றே பதிவாக வேண்டும். விற்கப்போவதில்லை என்றால், அதை எழுத்தில் ஒருமுறை தெரிவித்துவிட்டு, எல்லையை அளந்து கல் நாட்டி, வழித்தட உரிமையையும் பாசன உரிமையையும் உடனே பதிவுசெய்யுங்கள். பழைய உரிமையாளர் வாய்மொழியாக விட்டுக்கொடுத்த வரப்புப் பாதையை, புதிய நிறுவனத்தின் வேலி ஓரிரவில் அடைத்துவிடும்.

குத்தகைதாரரின் நிலை இன்னும் கடினமானது, ஏனெனில் அவரைக் கேட்காமலே நிலம் கைமாறிவிடுகிறது. எழுத்தில்லாத குத்தகையை விற்பனைப் பேச்சு தொடங்கும் முன்பே எழுதிப் பதிவுசெய்ய முயலுங்கள். முடியாவிட்டால் குத்தகை செலுத்திய ரசீதுகளையும் விதை, உரம் வாங்கிய சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள்.

ஊராகச் சேர்ந்து செய்யக்கூடியது

உங்கள் நாட்டுச் சட்டத்தில் முதல் வாங்கும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்மக்கள் அமைப்பு ஒரு நிலத்தின்மீது தன் விருப்பத்தை முன்கூட்டியே பதிவுசெய்தால், அது விற்பனைக்கு வரும்போது முதலில் வாங்கலாம். ஆனால் சட்டத்தின் விலக்குகளையும் படிக்க வேண்டும். அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில் நிறுவனங்கள் விளைநிலம் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1932 முதல் உண்டு. இருந்தும் 2022இல் கேட்ஸுடன் தொடர்புடைய ஓர் அறக்கட்டளை அங்கே சுமார் 2,100 ஏக்கர் வாங்கியபோது, நிலத்தை விவசாயிகளுக்கே குத்தகைக்கு விடுவதாகச் சொன்னதால் அது ஏற்கப்பட்டது.

என் கணிப்பில், ஊரின் கையில் உள்ள மிக வலுவான கருவி நிலப் பயன்பாட்டை மாற்றும் அனுமதிதான். பணத்தால் நிலத்தை வாங்கலாம். விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்றப் பொது அமைப்பின் ஒப்புதல் வேண்டும். சொலானோவில் விளைநிலங்களில் நகரம் எழுப்ப வாக்காளர்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. அத்தனை கோடி செலவிட்டவர்களும் 2024 நவம்பர் வாக்கெடுப்புக்காகக் கொண்டுவந்த முன்மொழிவை ஜூலையிலேயே திரும்பப் பெற்றார்கள். உங்கள் பகுதியின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் மாற்றம் கோரும் அறிவிப்புகளை மாதம் ஒருமுறை ஒருவர் பார்த்து வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஆட்சேபம் தெரிவிக்கும் காலக்கெடு பெரும்பாலும் சில வாரங்களே. மனுவில் நில உரிமை, குத்தகை, தண்ணீர், பாதை ஆகியவற்றுக்கு நேரும் பாதிப்பைத் தனித்தனியாக எழுதி, நிலவுரிமை பற்றி ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் 2012இல் ஏற்கப்பட்ட தன்னார்வ வழிகாட்டு நெறிகளையும் சுட்டிக்காட்டுங்கள். அவை சட்டம்போல் கட்டுப்படுத்தாவிட்டாலும், அரசுகள் ஒப்புக்கொண்டவை என்பதால் அதிகாரிகளால் எளிதில் ஒதுக்க முடியாது. அந்த மனுவோடு நீர்மட்டக் குறிப்பேட்டின் நகலையும், தொடக்கத்தில் வண்ணமிட்ட வரைபடத்தின் நகலையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.