வகுப்பில் படைப்பாற்றலை வளர்க்க: நாளைய பாடத்திலிருந்தே தொடங்கும் வழி

படைப்பாற்றல் என்றதும் பலருக்கு ஓவியப் போட்டியும் ஆண்டுவிழா நாடகமும்தான் நினைவுக்கு வரும். அவையெல்லாம் நல்லவையே. ஆனால் ஆண்டுக்குச் சில நாள்தான் வரும், அவற்றிலும் எப்போதும் அதே ஏழெட்டுப் பிள்ளைகள்தான் மேடையேறுவார்கள். மற்ற பிள்ளைகளின் கற்பனைக்கு இடம் வேண்டுமென்றால் அதைக் கணக்கு, அறிவியல், இலக்கண வகுப்புகளுக்குள்ளேயே உண்டாக்க வேண்டும்.

புதிதாக ஆசிரியர் பணிக்கு வந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தனிப் பாடவேளை தேவையில்லை. வழக்கமான வகுப்பில் ஒரு கால்மணி நேரம், கரும்பலகை, பிள்ளைகளிடம் நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும்.

படி 1: ஒரே ஒரு பயிற்சிக் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

பாடத்தின் முடிவில் உள்ள பயிற்சியிலிருந்து ஒரு கேள்வியை எடுங்கள். "1/2 + 1/4 எவ்வளவு?" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஒரே விடைதான். முதலில் கண்டுபிடித்தவர் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை முடிந்துவிடும். இதையே இப்படிக் கேளுங்கள்: "விடை 3/4 வர வேண்டும். அதற்கு எத்தனை விதமாகக் கணக்கு அமைக்கலாம்?"

ஒருவர் 1 − 1/4 என்பார், இன்னொருவர் 6/8 என்று எழுதுவார். ஒன்றரையில் பாதி, ஒரு மணி நேரத்தில் 45 நிமிடம், மூன்று கேக்கை நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஒருவர் பங்கு என்றெல்லாம் வரும். கடைசியாகச் சொன்ன விடையைக் கவனியுங்கள். பின்னம் என்பது வகுத்தல்தான் என்று அந்தப் பிள்ளை தானாகவே கண்டுகொண்டிருக்கிறது! நீங்கள் அடுத்த வாரம் நடத்த நினைத்த பாடம் அது.

1950-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக ஆற்றிய உரையில் ஜே.பி. கில்ஃபோர்ட், உளவியலாளர்கள் படைப்பாற்றலை ஆராயாமல் விட்டுவிட்டார்கள் என்று எடுத்துச் சொன்னார். ஒரே சரியான விடையை நோக்கிப் போகும் குவிசிந்தனை, பல விடைகளைத் தேடிப் போகும் விரிசிந்தனை என்ற பாகுபாடும் அவருடையதுதான். பிள்ளைகளுக்கு இரண்டுமே வேண்டும். நம் பயிற்சிப் பக்கங்களில் முதல் வகை ஏற்கெனவே நிறைய இருக்கிறது, இரண்டாவதைத்தான் நாம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மற்ற பாடங்களிலும் இதே முறைதான். உராய்வைப் பற்றி நடத்தும்போது, "உராய்வே இல்லாமல் போனால் இந்த வகுப்பறையில் முதல் ஐந்து நிமிடத்தில் என்னென்ன நடக்கும்?" என்று கேட்கலாம். மொழிப் பாடத்தில் ஒரு கதையை, அதில் தோற்றுப்போன பாத்திரத்தின் வாயால் சொல்லச் சொல்லலாம்.

படி 2: ஒரு கட்டுப்பாடு வையுங்கள்

"உனக்குப் பிடித்ததை எழுது" என்று விட்டுவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். எழுதுபவர்களும் முதலில் தோன்றியதை, அதாவது எல்லோருக்கும் தோன்றுவதை எழுதுவார்கள். "மழை, தண்ணீர், குடை என்ற மூன்று சொற்களும் வராமல் ஒரு மழைநாளை ஐந்து வரியில் எழுது" என்று சொல்லிப் பாருங்கள். கைவசம் இருந்த வரிகளெல்லாம் அடைபட்டுப்போவதால் மண்வாசனை, கூரையில் விழும் சத்தம், காயாத சீருடை என்று புதிதாகத் தேட ஆரம்பிப்பார்கள். மேலே சொன்ன 3/4 கணக்கிலும் ஒன்றிலாவது கழித்தல் வர வேண்டும், ஒன்று எண்ணே இல்லாமல் படமாக இருக்க வேண்டும் என்று சொல்லலாம். ஒன்று அல்லது இரண்டு கட்டுப்பாடு போதும். நான்கைந்து வைத்தால் அது தேர்வுத்தாள் ஆகிவிடும்.

படி 3: கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

புதிய ஆசிரியருக்கு இதுதான் மிகவும் கடினம். கேள்வி கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டால் நமக்குப் பதற்றமாகிவிடும். உடனே குறிப்புக் கொடுப்போம், இல்லையென்றால் வழக்கமாகக் கை தூக்கும் பிள்ளையைக் கூப்பிடுவோம். மேரி பட் ரோவ் என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பு ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. அதை மூன்று வினாடி அல்லது அதற்கு மேல் நீட்டியதும் விடைகள் நீளமாயின, கேட்காமலேயே பதில் சொன்ன மாணவர்கள் கூடினார்கள், பதிலே வராத கேள்விகள் குறைந்தன. மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பல கோணங்களில் யோசிக்க வேண்டிய கேள்வி என்றால் பத்து வரை எண்ணினாலும் தவறில்லை.

படி 4: முதலில் தனியாக, பிறகு சேர்ந்து

குழுவாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையை 1950-களில் பரவலாக்கியவர் விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன். ஆனால் மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோபே ஆகியோர் 1987-இல் வெளியிட்ட சோதனைகளில், தனித்தனியாக யோசித்தவர்களின் பட்டியல்களைச் சேர்த்தால், அதே எண்ணிக்கையினர் கூடிப் பேசிய குழுவைவிட அதிக யோசனைகள் இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் தன் முறைக்குக் காத்திருக்கிறார், அதற்குள் யோசனை தடைபட்டுவிடுகிறது என்பதே அவர்கள் கண்ட முக்கியக் காரணம்.

எனவே முதல் நான்கு நிமிடம் எல்லோரும் பேசாமல் நோட்டில் எழுதட்டும். அடுத்த மூன்று நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்ளட்டும். அதன் பிறகு கரும்பலகைக்கு வரலாம். கூச்சமுள்ள பிள்ளையும் கையில் எழுதி வைத்திருப்பதால் வாய் திறக்கும்.

படி 5: விசித்திரமான பதில் வரும்போது

மற்றப் படிகளில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பாதகமில்லை. இதில் மட்டும் கவனமாக இருங்கள்.

"செடிக்குத் தண்ணீர் அதிகமாக ஊற்றிக்கொண்டே இருந்தால் ஏன் வாடுகிறது?" என்று கேட்கிறீர்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அதுக்கு மூச்சு முட்டும் மிஸ்." வகுப்பே சிரிக்கிறது. இப்போது எல்லோருடைய கண்ணும் உங்கள் முகத்தில் இருக்கும். நீங்களும் சேர்ந்து சிரித்தாலோ, "விளையாடாதே, உட்கார்" என்றாலோ, அந்தப் பிள்ளை மட்டுமல்ல, கொஞ்சம் வித்தியாசமாக ஏதோ சொல்ல நினைத்த இன்னும் பத்துப் பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பதில் சரியானது. வேர்களும் சுவாசிக்கின்றன. மண்ணின் இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. வேர் அழுகி, தண்ணீருக்கு நடுவிலேயே செடி வாடும்.

எனவே எந்தப் பதிலுக்கும் முதலில் "எதனால் அப்படித் தோன்றியது?" என்று கேளுங்கள். சந்தேகத்தோடு கேட்காமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேளுங்கள். குரலில் இருக்கும் வித்தியாசத்தைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பதில் தவறாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. "இதை எப்படிச் சோதித்துப் பார்க்கலாம்?" என்று வகுப்பிடமே கேளுங்கள். பிழையைப் பாராட்டச் சொல்லவில்லை. யோசித்த முயற்சியை மதித்துவிட்டுப் பிழையைத் திருத்துங்கள் என்கிறேன்.

படி 6: நோட்டைப் பார்க்கும்போது நான்கைக் கவனியுங்கள்

படைப்பாற்றலை மதிப்பிட எல்லிஸ் பால் டாரன்ஸ் 1966-இல் வெளியிட்ட சோதனைகளில் நான்கு அளவுகோல்கள் இருந்தன: எத்தனை யோசனைகள், எத்தனை வகைகள், எவ்வளவு அரிதானவை, எவ்வளவு விரிவானவை. நோட்டில் குறிப்பு எழுத இவை மிகவும் உதவும். ஒரு பிள்ளை 3/4-க்குப் பத்துக் கணக்கு எழுதியிருக்கிறது, பத்தும் கூட்டல் என்றால், "நிறைய யோசித்திருக்கிறாய். கூட்டல் இல்லாமல் ஒன்று அமைக்க முடியுமா?" என்று எழுதுங்கள். இரண்டே இரண்டு எழுதி, அதில் ஒன்று வேறு யாருக்கும் தோன்றாதது என்றால் அதையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். வெறும் "நன்று" என்பதிலிருந்து அடுத்து என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது.

மதிப்பெண் மட்டும் இங்கே வேண்டாம். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்தடுத்த பணிகளில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பரிசும் அப்படித்தான். 1973-இல் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும், வரைவதில் ஆர்வமுள்ள மழலையரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு ஓய்வு நேரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை.

சில நடைமுறைச் சந்தேகங்கள்

பாடத்திட்டம் முடியாதே என்ற கவலை நியாயமானது. அதனால்தான் கூடுதலாக ஒன்றைச் சேர்க்காமல், இருக்கும் பயிற்சியில் ஒரு கேள்வியை மாற்றச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒன்று போதும்.

முதல் முறை வகுப்பு மௌனமாக இருந்தால் கலங்க வேண்டாம். ஒரே விடைக்குப் பழகியவர்கள் உங்கள் மனத்தில் எந்த விடை இருக்கிறது என்றுதான் யோசிப்பார்கள். நீங்களே வேண்டுமென்றே கொஞ்சம் அசாதாரணமான ஒரு விடையைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

இரண்டு மூன்று வாரம் பழகிய பிறகு, கேள்வியைத் திருப்பிப் போடும் வேலையையும் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். பயிற்சிப் பக்கத்தைக் காட்டி, "இதில் எந்தக் கேள்வியை மாற்றலாம், எப்படி மாற்றலாம்?" என்று கேளுங்கள். வருபவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த வாரத்துக் கேள்வியாகப் பலகையில் எழுதி, அதை உருவாக்கியவரின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.