ஆறு மா நிலத்துக்கும் உயில் வேண்டும்

ஆறு மா நஞ்சை, ஓர் ஓட்டு வீடு, அஞ்சலகத்தில் சிறிது சேமிப்பு, கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு நகைக்கடன். திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இருப்பதெல்லாம் இவ்வளவுதான். இதற்கு உயில் எதற்கு என்று கேட்பவர்கள் அதிகம். ஆனால் சொத்து குறைவாக உள்ள வீட்டுக்குத்தான் உயில் கட்டாயம் தேவை என்பது என் உறுதியான கருத்து. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்து 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருக்குச் சமபங்காகச் சேரும். தாயும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால், ஆறு மா என்கிற இரண்டு ஏக்கர் ஆளுக்கு நாற்பது சென்ட் ஆகிவிடும். மனைவி குடியிருக்கும் வீடும் ஐந்து பங்காகிவிடும்.

உயில் எழுதப் பெரும் செலவு இல்லை. முத்திரைத்தாள் வேண்டியதில்லை; வெள்ளைத்தாளில், தமிழில், சொந்தக் கையெழுத்திலேயே எழுதலாம். பதினெட்டு வயது நிறைந்து தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம் என்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. சிக்கல் உள்ள சொத்து என்றால் மட்டும் வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

முதலில் எது உங்களுடையது என்று பாருங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் ஒன்றாக வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். அதில் மகள்களுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள் அந்த நிலத்தைத் தங்கள் சொத்தாக எழுதினால் செல்லாது. மூன்று தலைமுறையாக உழுதாலும் மண் கோயிலுடையதுதான்.

அடுத்தது நில விவரம். வழக்கு வருவதற்கு இங்கேதான் விதை விழுகிறது. நம் பக்கத்தில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று பேசுகிறோம். பட்டாவிலோ ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கிறது. "வாய்க்காலுக்கு வடக்கே உள்ள ஆறு மா மூத்தவனுக்கு" என்று எழுதினால் ஊருக்குப் புரியும், நீதிமன்றத்துக்குப் புரியாது. மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், பட்டா எண், புல எண், உட்பிரிவு எண், நான்கெல்லை, பரப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆறு மா என்று எழுதினால் பக்கத்திலேயே பட்டாவில் உள்ள ஹெக்டேர் அளவையும் எழுதுங்கள். புல எண் மாறியிருந்தால் பழைய எண்ணையும் சேர்க்க வேண்டும். நிலத்தைப் பிரித்துக் கொடுக்கிறவர்கள், போர்வெல் மோட்டாரும் அதன் மின் இணைப்பும் யாருக்கு, உள்ளே இருக்கும் வயலுக்கு எந்த மடை வழியாகத் தண்ணீர் போகும், அறுவடை இயந்திரம் எந்த வழியாக வரும் என்பதையும் எழுதிவிட வேண்டும். இரண்டு வரி எழுதாமல் விட்டதால் அண்ணன் தம்பிகள் ஒவ்வொரு குறுவையிலும் வரப்பில் நின்று சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மனைவிக்கு என்ன உரிமை கொடுக்கிறீர்கள் என்பதில் குழப்பமே இருக்கக் கூடாது. முழு உரிமை என்றால் "சர்வ சுதந்திர பாத்தியத்துடன் அடைந்து, தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு உரிமையுடன் அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று பழைய பத்திர நடையிலேயே எழுதலாம். வாழ்நாள் வரை மட்டும் என்றால், "என் மனைவி ஆயுள் உள்ளவரை விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையின்றி வசித்தும் அனுபவித்தும் வர வேண்டியது, அவர் காலத்துக்குப் பின் இன்னாரைச் சேர வேண்டியது" என்று எழுத வேண்டும். முழு உரிமை என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் "பிறகு மகனுக்கு" என்று சேர்ப்பதுதான் வழக்கமாக நேரும் தவறு. அந்த இரண்டாவது வரி பெரும்பாலும் நிற்காது.

இனி சாட்சிகள். குறைந்தது இருவர், நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து, உங்கள் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். நீடாமங்கலம் பக்கத்தில் இருந்த என் பெரியப்பா, கோடுபோட்ட தாளில் முத்து முத்தான எழுத்தில் பெரியம்மாவுக்கு வீட்டை எழுதிவைத்திருந்தார். சாட்சி போட்ட இருவரும் அவரைவிட மூத்த நண்பர்கள். இருவரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். உயில் நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். இருவரும் இல்லாததால், இறந்த சாட்சிகளில் ஒருவரின் கையெழுத்து உள்ள பழைய கடன் பத்திரம் ஒன்றை அந்தச் சாட்சியின் வீட்டுப் பரணில் தேடி எடுத்து, அந்தக் கையெழுத்தை அறிந்தவரை அழைத்து வந்து நிரூபிக்க நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை பெரியம்மா சொந்த வீட்டில் விருந்தாளியைப் போல் இருந்தார். ஆகவே உங்களைவிட இளைய, உள்ளூரிலேயே இருக்கக்கூடிய, உயிலால் பயன்பெறாத இருவரைத் தேர்ந்தெடுங்கள். சாட்சிக்கே சொத்து எழுதினால் கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி சட்டப்படியே செல்லாது. மற்றவர்களுக்கும் அது சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். வயது முதிர்ந்தவர்கள் அதே நாளில் மருத்துவரிடம் மனநிலைச் சான்று ஒன்றும் வாங்கி வைப்பது நல்லது.

இஸ்லாமியர்கள், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல், கடனும் அடக்கச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது.

பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்றே சொல்வேன். தாள் தொலைந்தாலும் நகல் கிடைக்கும், நீங்கள் உயிருடன் இருக்கும்வரை வேறு எவரும் அந்த நகலைப் பெற முடியாது. ஆனால் பதிவு செய்த உயிலுக்கும் சாட்சி தேவை.

வங்கியில் நாமினி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். வைப்புத்தொகையை நாமினி வாங்கிக்கொள்ளலாம். அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும். உயிலுக்குப் பதிலாகத் தானசெட்டில்மெண்ட் எழுதச் சொல்பவர்களிடமும் கவனமாக இருங்கள்: அதில் சொத்து அப்போதே கைமாறிவிடும், உயிலையோ எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றும்போது "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்று தேதியுடன் எழுதி, மறுபடியும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தை வாங்க வேண்டும்.

உயிலை நிறைவேற்ற ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, கடனை எந்தப் பணத்திலிருந்து அடைப்பது என்பதையும் எழுதுங்கள். எழுதி முடித்த உயிலை உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் பூட்டாமல், தாய்ப்பத்திரத்துடன் ஒரே பையில் வைத்து, பை எங்கே இருக்கிறது என்பதை மனைவியிடமும் நிறைவேற்றுபவரிடமும் சொல்லிவிடுங்கள்.