பார்க்க அழகு, பிடிப்பு இல்லை: மிக் வெல்டிங் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிக் மெஷினில் நான் வைத்த முதல் கேட் கீல் பதினைந்தே நாளில் கழன்று வந்துவிட்டது. உடைந்து வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது உடையவே இல்லை. வெல்டு முழுசாகக் கீலோடு போய்விட்டது; தூணில் பதித்த 8 மி.மீ. பிளேட்டில் கருத்த ஒரு தடம் மட்டும்தான் மிச்சம். வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆசான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெல்டு நல்ல அழகாத்தான் இருக்கு மக்கா. ஒட்டத்தான் இல்ல" என்றார்.

தக்கலைப் பக்கமுள்ள அந்தப் பட்டறைக்குப் போகும் முன் நான்கு வருடம் ராடு பிடித்தவன் நான். அந்தத் திமிர்தான் காலை வாரியது. மருந்து பூசிய ராடைக் கையால் பிடித்து உருக்கும் ராடு வெல்டிங்கில் கரண்டு குறைந்தால் ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும், தப்பு அங்கேயே தெரிந்துவிடும். மிக் மெஷினில் டார்ச் என்கிற கைப்பிடியின் டிரிகரை அழுத்தினால் கம்பி தானாக வரும், வெளிக்காற்று படாமல் வெல்டை மறைக்கும் கேஸும் தானாக வரும், அரை மணி நேரப் பழக்கத்தில் யாரும் ஒரு கோடு இழுத்துவிடலாம். உருகிய கம்பி, உருகாத இரும்பின் மேல் போய்ப் படுத்தாலும் பார்வைக்கு வெல்டு போலவே இருக்கும். அன்று நான் செய்தது அதுதான்: 2 மி.மீ. ஸ்கொயர் பைப்புக்கு வைத்திருந்த செட்டிங்கை மாற்றாமல் 8 மி.மீ. பிளேட்டிலும் ஓட்டினேன். மெல்லிய கீல் உருகியது, தடித்த பிளேட் சூடாகக்கூட இல்லை.

ஆகவே முதல் தவறு, வெல்டை மேலே பார்த்து மார்க் போடுவது. கழிவுத் துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை நிமிர்த்தி வைத்து, ஒரு பக்கம் மட்டும் வெல்டு வையுங்கள். ஆறியதும் வைசில் பிடித்து, வெல்டு வைத்த பக்கமாகச் சாயும்படி அடித்து வளையுங்கள். இரும்பு வளைந்தாலும் வெல்டு பிடித்து நின்றால் சரி. வெல்டு அடியோடு பெயர்ந்து, கீழே கிரைண்டிங் கோடு அப்படியே தெரிந்தால் நீங்கள் செய்தது கம்பியைப் பசை போல் தடவிய வேலை. எனக்கு முதல் வாரத்தில் பாதிக்கு மேல் பெயர்ந்தது.

செட்டிங் விஷயத்துக்கு வருவோம். மெஷினில் இரண்டு திருகு இருக்கும். ஒன்று வோல்டேஜ், இன்னொன்று கம்பி வேகம். புதிதாக வருகிறவர் இரண்டையும் ஒரே நேரத்தில் திருகுவார். எது எதைச் செய்தது என்று பிறகு தெரியாது. கம்பி வேகம் கூடினால் ஆம்பியர் கூடும், உள்ளே இறங்குவது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. வோல்டேஜ் கூடினால் ஆர்க், அதாவது கம்பிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்சுடர், நீளும், வெல்டு அகன்று படியும். 0.8 மி.மீ. கம்பி, சுத்த சிஓடூ (கரியமில வாயு) கேஸ் என்றால் 1.6 மி.மீ. பைப்புக்கு 60–70 ஆம்பியர், 17 வோல்ட்; 2 மி.மீ.க்கு 80–90 ஆம்பியர், 18 வோல்ட், 3 மி.மீ.க்கு 110–120 ஆம்பியர், 19–20 வோல்ட். இவை தொடங்கும் இடங்கள்தான், வேதவாக்கு இல்லை. மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். ஆர்கான் கலந்த கேஸ் என்றால் ஒன்றிரண்டு வோல்ட் குறைவாகவே போதும். சிஓடூவுக்கு வைத்த அளவை அப்படியே அதில் வைத்துவிட்டு மெஷினைத் திட்டக் கூடாது.

செட்டிங்கை வைத்த பிறகு காதைக் கொடுங்கள். சட்டியில் நெத்திலி பொரியும்போது இடைவிடாமல் ஒரு சடசடப்பு வருமே, அது வந்தால் சரி. "டக், டக்" என்று கம்பி இரும்பில் முட்டி டார்ச்சைப் பின்னால் தள்ளினால் கம்பி வேகம் அதிகம், அல்லது வோல்டேஜ் குறைவு. வெல்டு கயிறு போல மேலே எழும்பி நிற்கும். ஆர்க் "புஸ்" என்று நீண்டு, பொறி பெரிதாகச் சிதறி, கம்பி டார்ச் நுனியில் அது வெளிவரும் டிப்பிலேயே போய் ஒட்டிக்கொண்டால் அதற்கு நேர்மாறு. கம்பி வேகத்தை ஓரிடத்தில் நிறுத்தி, வோல்டேஜை மட்டும் அரை அரையாக மாற்றி ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள்.

செட்டிங் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையா? கையைப் பாருங்கள். டிப்பிலிருந்து கம்பி வெளியே நீட்டியிருக்கும் நீளம் 10 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், கிட்டத்தட்டச் சுண்டுவிரல் நகத்தின் அகலம். பொறிக்குப் பயந்து டார்ச்சைத் தூக்கிப் பிடித்தால் அது 20, 25 என்று போகும். திருகைத் தொடாமலேயே ஆம்பியர் இறங்கிவிடும், கேஸும் வெல்டு வரை போய்ச் சேராது. அடுத்தது வேகம். கம்பி, உருகிய இரும்புக் குளத்தின் முன் ஓரத்தில் விழ வேண்டும். மெதுவாகப் போனால் குளம் கம்பிக்கு முன்னால் ஓடிவிடும். ஆர்க் குளத்தின் மேல்தான் எரியும், அடியில் இருக்கும் இரும்பைத் தொடாது. மேலிருந்து கீழே இறக்கிப் போடும் வெல்டில் இது இன்னும் எளிதாக நடக்கும். மெல்லிய தகட்டுக்கு அந்த முறை நல்லது, பாரம் தாங்கும் இடத்தில் வேண்டாம்.

இனி நம் குமரி மாவட்டத்துக்கென்றே உள்ள ஒரு விஷயம்: காற்று. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அங்கே ஒரு ஜூன் மாதம் ஷெட் வேலைக்கு மிக் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனோம். வெல்டு முழுக்க ஆப்பம் போல ஓட்டை. கேஸ் போதவில்லை என்று நினைத்து நிமிடத்துக்கு 12 லிட்டரை 25 ஆக்கினேன், இன்னும் மோசமானது. கேஸ் அளவுக்கு மேல் வேகமாக வந்தால் சுழல ஆரம்பித்து, வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். 10 முதல் 15 லிட்டர் போதும். விநாடிக்கு 2 மீட்டர் காற்று, அதாவது முகத்தில் லேசாக உணரும் காற்றே கேஸைக் கலைக்கப் போதுமானது. தார்ப்பாய் கட்டி மறைத்தால் ஓரளவு நடக்கும். முப்பந்தல் காற்றில் தார்ப்பாயே பறந்தது. ராடு மெஷினை வரவழைத்துத்தான் வேலையை முடித்தோம். பட்டறைக்குள் வியர்வைக்குப் போடும் பெடஸ்டல் ஃபேனும் இதே வேலையைச் செய்யும், அதை மறந்துவிட்டு கேஸ் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

குளச்சல், முட்டம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்று. போதாததற்கு நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கம்பிச் சுருளை மெஷினிலேயே விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் செம்புப் பூச்சின் மேல் துரு பூத்திருக்கும். அந்தத் துரு, கம்பி டார்ச்சுக்குப் போகும் லைனர் குழாய்க்குள் போய்ச் சேரும், கம்பி விட்டு விட்டு வரும், நீங்கள் செட்டிங்கைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். சுருளைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க இரண்டு நிமிடம் ஆகாது.

கம்பி சரியாக வராததற்கு, அதைத் தள்ளும் உருளையை முறுக்கி இறுக்குவதும் மருந்தல்ல. இறுக்கிவிட்டு டிப்பில் அடைப்பு வந்தால், கம்பி போக இடமில்லாமல் மெஷினுக்குள்ளேயே தூண்டில் நரம்பு போலச் சிக்கிவிடும். கையுறை போட்ட கையில் கம்பியை மடக்கி நிறுத்தினால் உருளை வழுக்க வேண்டும், அந்த அளவு இறுக்கம் போதும். 0.8 கம்பிக்கு 0.8 டிப், உருளையிலும் 0.8 பள்ளம்.

எர்த் கிளாம்பைப் பெயின்ட் மேலேயும் துரு மேலேயும் கடித்து வைப்பது ராடு காலத்துப் பழக்கம். மிக் மெஷின் அதைப் பொறுத்துக்கொள்ளாது, ஆர்க் தடுமாறும். கிளாம்பு இடத்தையும் வெல்டு இடத்தையும் பளபளப்பாகக் கிரைண்ட் செய்யுங்கள்.

கேஸ் இல்லாமலே ஓடும் சின்ன மெஷின் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே மருந்து வைத்த ஃபிளக்ஸ் கம்பிக்கு டார்ச் மைனஸில் இருக்க வேண்டும். கேஸோடு ஓடும் சாதாரணக் கம்பிக்கு டார்ச் பிளஸில். சுருளை மாற்றிவிட்டு இணைப்பை மாற்றாமல் விட்டால் பொறி மழைதான். ஃபிளக்ஸ் கம்பியில் டார்ச்சை இழுத்துப் போக வேண்டும், தள்ளினால் கசடு வெல்டுக்குள் மாட்டிக்கொள்ளும்.

சிஓடூ சிலிண்டரில் இருப்பது திரவம். மீட்டர் முள் கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றுவிட்டு, திரவம் தீர்ந்ததும் சட்டென்று விழும். எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். சிலிண்டரைப் படுக்கவைத்து ஓட்டக் கூடாது, ரெகுலேட்டர் ஹீட்டரைச் செருக மறக்கவும் கூடாது. ஹீட்டர் ஓடாவிட்டால், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் ரெகுலேட்டர் உறைந்து போகும்.

ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினின் வார்ப்பிரும்புப் பாகம் உடைந்தது என்று தோட்டக்காரர் யாராவது கொண்டுவந்தால், சாதாரண மிக் கம்பியோடு அதில் கை வைக்காதீர்கள். ஒட்டியது போலிருந்து, ஆறும்போது பக்கத்திலேயே வெடிக்கும். அதற்கு நிக்கல் ராடும், பொறுமையாகச் சூடேற்றி மெல்ல ஆறவிடத் தெரிந்த ஆளும் வேண்டும்.

கடைசியாக, துத்தநாகம் பூசிய ஜிஐ பைப். இரும்பு உருக 1500 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அதன் மேல் இருக்கும் துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகிவிடும். அதை உள்ளே இழுத்தவருக்குச் சாயங்காலம் குளிர், நடுக்கம், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை. பெரும்பாலும் ஓரிரு நாளில் விட்டுவிடும், அதனால்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை. புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. பூச்சைக் கிரைண்ட் செய்து எடுங்கள், புகைக்கு ஏற்ற மாஸ்க் போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் முகத்தைப் புகைக்கு வெளியே வைத்து வேலை செய்யுங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு இறுக்கினாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஜிஐ பைப்பில் வெல்டு வைத்தேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.